மேலூர் ரோட்டில் ஆடிக் காற்று

பால் வாங்கித் திரும்புகையில் அந்தச் சத்தம் கேட்டது. மேம்பாலச் சரிவில் பாவ் ரொட்டி விற்கிறவன் ஒருவன் சைக்கிளை மிதிக்காமல் உருண்டு வந்துகொண்டிருந்தான். டிக்டிக்டிக் என்று பின்சக்கரத்தின் ப்ரீவீல் சத்தம். என்னைத் தாண்டினான், மசூதி முக்கில் திரும்பினான், போயே போய்விட்டான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பால் பாக்கெட்டின் குளிர்ச்சி விரல் வழியாக ஏறிக்கொண்டிருக்க, மனம் மட்டும் மேலூர் ரோட்டில், ஒரு முதுகுக்குப் பின்னால் குனிந்து கிடந்தது.

பம்பாய்க்கு வந்து எத்தனையோ மழை பார்த்தாகிவிட்டது. இன்னமும் எனக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தம் இல்லை. பந்தயத்தில் முன்னால் போகிறவன் மிதிப்பதை நிறுத்தினால்தான் அது எழும். 'வா, உனக்காகத்தான் நிற்கிறேன்' என்று அவன் வாயைத் திறக்காமல் சொல்வது அது. நான்கு வருஷம் நான் ஒருவனுக்குப் பின்னால் ஓட்டியிருக்கிறேன். அவன் முதுகில் எந்த மச்சம் எங்கே என்று அவன் அம்மாவுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும்.

அவன் மதுரையில் செல்லூர்க்காரன். வீட்டுக்குள் இரண்டு தறி, தறிக்கு நடுவில் படுக்கை. எங்கள் வீடு மிஷன் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டை ஒட்டி இருந்தது. அப்பா அங்கே குமாஸ்தா. அவனும் நானும் ஒரே நூற்பாலையில் பதிலித் தொழிலாளிகள். நிரந்தர ஆள் எவனாவது வராத அன்றைக்கு மட்டும் எங்களுக்கு வேலை. கேட்டுக்கு வெளியே, எவனுக்குக் காய்ச்சல் எவன் வீட்டில் சாவு என்று காத்து நிற்கிற பிழைப்பு. அடுத்தவனுக்கு ஒன்றும் ஆகாத நாளில் நாங்கள் வெறுங்கையோடு திரும்புவோம்.

ஆலையின் வெல்பேர் ஆபீசருக்கு சைக்கிள் பந்தயப் பைத்தியம். கல்கத்தாவிலிருந்து பழைய ரேஸ் வண்டிகளை வரவழைத்து, நெஞ்சில் ஆலையின் பெயர் எழுதிய பனியன் மாட்டி எங்களை ரோட்டில் இறக்கியவர் அவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று நாள் பந்தயம் ஒன்று வருகிறது. மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். குறைந்த நேரம் யாருடையதோ அவன் முதல். "நம்ம ஆளுகள்ல எவன் முன்னால வாரானோ அவனுக்கு பெர்மனண்ட். ஒரு எடந்தான் காலி. கோப்பையும் வரணும், சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும் இவன் சிரித்தான். "ஒரு எலைய போட்டு ரெண்டு பேர உக்காரச் சொல்றாரு மாப்ள."

எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் பம்பாய். அண்ணன் அங்கே ஒரு பட்டறையில் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, எப்போது வருகிறாய் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். மதுரையை விட்டுப் போக எனக்கு மனசில்லை. அவனுக்கு வேறு கணக்கு. ஆரப்பாளையத்தில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: நிரந்தரம் ஆனால் வரட்டும், பதிலிக்குப் பொண்ணு கிடையாது.

அணியில் மூன்றாவதாக, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஏற்கெனவே நிரந்தரம் ஆனவர், போட்டிக்கு வராதவர். முதல் நாள் கல்லுப்பட்டி போகும் வழியிலேயே ஓர் ஆட்டு மந்தைக்குள் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டு, தூளி கட்டிய கையோடு ஆபீசரின் ஜீப்பில் ஏறிவிட்டார். மிச்சம் நாங்கள் இருவர். கல்லுப்பட்டியில் இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே நுழைந்தோம். நேரம் சமம்.

இரண்டாம் நாள் உசிலம்பட்டி சுற்றி மதுரை. கருவேலங்காட்டு ரோடு. ஒரு வளைவில் என் முன்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்தது. ஜீப் எங்கோ பின்னால் கிடந்தது. மற்ற அணிக்காரர்கள் விர்ரென்று தாண்டிக்கொண்டிருந்தார்கள். இவன் நிறுத்தினான். தன் முன்சக்கரத்து நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றி, சக்கரத்தை என் கையில் திணித்தான்.

"போடா. வாயப் பாத்துக்கிட்டு நிக்காத, போ!"

போனேன். ஜீப் வந்து, அவன் மாற்றுச் சக்கரம் வாங்கி, தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டி வந்து சேர்ந்தபோது எனக்கும் அவனுக்கும் இடைவெளி விழுந்திருந்தது. பெரிய இடைவெளி இல்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துப் பாதி இழுக்கும் நேரம். ஆனால் ஆபீசரின் தாளில் எங்கள் இருவரில் நான் முதல்; அவன் அடுத்து.

அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் ஆபீசர் என்னைக் காட்டி அவனிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "நாளைக்கு ஜெயிக்க வேண்டியது அவன், நீ அவனுக்கு வேலை பாக்குற. காத்து அவன் மேல படக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குது சார்," என்றான். பிறகு வடையைப் பிட்டு என்னிடம் நீட்டினான். "நாங் குடுத்த சக்கரத்துல நீ மொத ஆளாயிட்ட மாப்ள. சக்கரத்துக்கு ஒரு மாலையாச்சும் போடு."

சிரித்தோம். ஜீப் கதவில் சாய்ந்திருந்த அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

காற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சைக்கிள் பந்தயம் காலோடு காலுக்கு நடக்கிற போட்டி என்று நினைக்கிறவர்கள் ஆடி மாதத்தில் மதுரைப் பக்கம் ஓட்டிப் பார்த்ததில்லை. மேற்கே மலைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற அந்தக் காற்று, வெறுங்காடாய்க் கிடக்கும் வயல்களின் மேல் தடையில்லாமல் ஓடி வந்து மனிதனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். முன்னால் ஒருவன் அந்தக் கையை வாங்கிக்கொண்டால், பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். மேலூரிலிருந்து மதுரைக்குத் திரும்பும்போது காற்று நேரே முகத்தில் அடிக்காது. வலப்பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். அப்போது மறைவு முதுகுக்கு நேர் பின்னால் இல்லை. சற்று இடப்பக்கம் ஒதுங்கி, முன்னால் போகிறவன் இடுப்புக்கு அருகில் இருக்கும். அதனால் முன்னால் போகிறவன் ரோட்டின் நடுவாக்கில் ஓட்ட வேண்டும். அவன் இடது கைப்பக்கம் தாரில் ஓர் ஆள் ஓட்டும் அகலம் விட வேண்டும். எங்கள் அணியில் இதற்கு 'எடம் விடுறது' என்று பேர். எந்தப் பந்தய விதியிலும் இது கிடையாது. விட்டால் பின்னால் இருப்பவன் பிழைப்பான். விடாவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது தாருக்கு வெளியே உள்ள சரளையும் முழுக் காற்றும்.

மூன்றாம் நாள் மேலூர் போகும்போது காற்று முதுகைத் தூக்கிக்கொண்டு போனது. மேலூர் பஸ் ஸ்டாண்டில் வளைந்து திரும்பியதும் அதே காற்று வேறு முகம் காட்டியது. கூட்டம் சிதறியது. கொஞ்ச தூரத்தில் நாங்கள் இருவர் மட்டும் முன்னால். அவன் இடது முழங்கையை லேசாக அசைத்தான்: வா. நடுரோட்டுக்குப் போய் எனக்கு எடம் விட்டான். நான் அவன் இடுப்போரம் ஒண்டிக்கொண்டேன்.

அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்குப் பிறகு எதிலும் அனுபவித்ததில்லை. அவன் தோள் காற்றில் விம்மி விம்மித் தணிந்தது. வியர்வை அவன் முழங்கையிலிருந்து சிதறி என் உதட்டில் உப்பாய் விழுந்தது. எனக்கு மூச்சு முட்டினால் அவனுக்குத் தெரிந்துவிடும், மிதிப்பதை ஒரு கணம் நிறுத்துவான், டிக்டிக்டிக். நான் சேர்ந்ததும் மறுபடி இழுப்பான். ஜீப் பக்கவாட்டில் வந்தது. ஆபீசர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்: "பலே! இழுக்கிறான்யா! ஒட்டிக்கோ, ஒட்டிக்கோ!"

வெள்ளரிப்பட்டி தாண்டி, ஆனைமலையின் முதுகு தூரத்தில் எழும்பியபோது எதிரே ஒரு கல் லாரி வந்தது. காலி லாரி, நடுரோட்டில், யாருக்கும் ஒதுங்காத வேகம். அவன் இடப்பக்கம் தாரின் ஓரத்துக்கு ஒதுங்கினான். ஒதுங்கித்தான் ஆக வேண்டும். நான் பின்வாங்கி அவன் சக்கரத்துக்கு நேர் பின்னால் வந்தேன். லாரி கடந்தது. புழுதியும் டீசல் புகையும் எங்களைப் போர்த்தின. புழுதி அடங்கியது.

அவன் ஓரத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். இதோ இப்போது நடுவுக்குப் போவான். அடுத்த புளியமரம் வரை பார்ப்போம். அதற்கடுத்த மரம். காற்று என் வலக் காதில் கத்திக்கொண்டிருந்தது. ஒதுங்கி ஒண்டுவதற்கு எனக்குத் தாரில் இடம் இல்லை. சரளையில் இறங்கிப் பார்த்தேன், சக்கரம் வழுக்கியது, ஏறினேன். அவன் வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்பு இழுத்த அதே சீரில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வேலை பார்க்கிறவனைப் போலவே போய்க்கொண்டிருந்தான். ஜீப்பிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் மாறவில்லை. அவன் முன்னால் இழுக்கிறான், நான் பின்னால் வருகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிய அந்த ஒரு முழத் தார் போனது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

கூப்பிடவில்லை நான். வாயில் புழுதி இருந்தது என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது காரணம் இல்லை. சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தவனிடம் எந்த வாயால் எடத்தைக் கேட்பது?

ஒரு சக்கர நீளம் விழுந்தது. பிறகு மூன்று சக்கரம். அவன் ஒருமுறை, ஒரே முறை, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ப்ரீவீல் பேசவில்லை. ஆபீசர் என்னைப் பார்த்து, "என்னய்யா, இம்புட்டுத்தானா ஒன் சத்து?" என்றார். ஜீப் என்னைத் தாண்டி அவன் அருகே போனது. காற்றில் பாதி பாதியாகக் கேட்டது: "அவன் முடிஞ்சான்… நிக்காத… நீ போ, நீ போ!"

அவன் போனான். ஆனைமலைக்குக் கீழே, வெயிலில் நடுங்கும் ரோட்டில் அவன் முதுகு ஒரு புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

பந்தயம் முடியும் தமுக்கம் மைதானத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது அவன் கழுத்தில் மாலை விழுந்திருந்தது. மூன்று நாள் நேரத்தையும் கூட்டியதில் இரண்டாவது இடம் எனக்கு. கோப்பை ஆலைக்கு. ஆபீசர் எங்கள் இருவர் தோளிலும் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயடியில், கட்டுப் போட்ட கையோடு அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அவன் எடம் விடலடா. ஜீப்புலேருந்து பாத்தேன்."

நான் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"ஆபீசர்ட்ட சொல்லவா?"

"என்னன்னு சொல்லுவீங்கண்ணே?"

அண்ணன் யோசித்தார். தன் உடைந்த தோளைத் தடவினார். "அதுவுஞ் சரிதான்," என்று போய்விட்டார்.

அவன் நிரந்தரம் ஆனான். ஆரப்பாளையத்தில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். நான் பிறகும் சில காலைகளில் கேட்டுக்கு வெளியே நின்றேன். எந்த வீட்டிலும் சாவு விழவில்லை. அவன் உள்ளே போகும்போது என்னைப் பார்த்துத் தலையை அசைப்பான். நானும் அசைப்பேன். சைக்கிளை நாங்கள் இருவரும் தொடவில்லை. ஆவணி முடிவதற்குள் பம்பாய் அண்ணனுக்கு வருவதாக எழுதிப் போட்டேன்.

ஜங்ஷனுக்கு அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மத்தியான வெயிலில், ஆலைக் காக்கியோடு, முந்தின நாள் ஷிப்டின் பஞ்சு காதோரம் ஒட்டியிருக்க, பிளாட்பாரத்தில் வந்து நின்றான். அம்மா கொஞ்சம் தள்ளி டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பம்பாய்ல மழை பேயுதாமே மாப்ள."

"ஆமாங்குறாய்ங்க."

"சாப்பாடு?"

"ரொட்டிதான்."

"ஒனக்கு ஒத்துக்காதே." தண்டவாளத்தைப் பார்த்தான். வண்டி வருவதற்கான மணி அடித்தது. கூலிகள் எழுந்து தலைத்துண்டைச் சுருட்டினார்கள். அவன் என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"நீ ஒரு சத்தங் குடுத்திருக்கலாம்ல?"

எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. "குடுத்திருந்தா எடம் விட்டிருப்பியா?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் அவன். பொய்யாகவாவது. நான் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் ஓட்டியிருப்பேன். அவன் காதோரத்துப் பஞ்சைப் பிய்த்தெடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். வண்டியின் முகம் வளைவில் தெரிந்தது.

"தெரியல மாப்ள," என்றான். "அத நெனச்சாத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."

பெட்டியை அவன்தான் தூக்கி உள்ளே வைத்தான். அம்மா அழுதாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் கம்பிக்கு வெளியே, பிளாட்பாரக் கடிகாரத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நின்றான். வண்டி இன்னும் கிளம்பவில்லை. அவன்தான் முதலில் நகர்ந்தான்.

"போறேன் மாப்ள. ரெண்டாம் ஷிப்ட்டு. சங்கு ஊதிருவாய்ங்க."