அழிந்த மார்க்கிங்

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி ஆலைக்காரர்களே ஷாஃப்ட் (இயந்திரத்தின் சுழல்தண்டு) கடைய என் திருவள்ளூர் பட்டறையைத்தான் தேடி வருவார்கள். நாலு லேத்து ஓடும்போதும் என் குரல் தெருமுனைக்குக் கேட்கும். ஓர் ஐப்பசியில் அந்தக் குரல் கம்மியது. மார்கழி வந்தும் திரும்பவில்லை.

மதராஸ் ஆஸ்பத்திரியில் பயாப்சி (சதையைத் துளி கிள்ளிச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்று. கதிர்வீச்சு (நம் பக்கத்தில் ‘கரண்ட் வைப்பது’) கொடுத்தால் குரலோடு பிழைக்கலாம் என்றார் டாக்டரம்மா. கழுத்தின் இரு பக்கமும் ஊதா மையால் கோடு போட்டார்.

“கரண்ட் இந்தக் கோட்டுக்குள்ளதான் விழணும். அழியக் கூடாது, தண்ணி படக் கூடாது.”

“என்கிட்டயா சொல்றீங்க? இரும்புல போட்ட மார்க்கிங் கோட்டை அழிச்ச ஆளை அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பறவன் நானு.”

கரண்ட் வைக்கத் தொடங்கிய இரண்டாம் வாரம் தை அமாவாசை. என் மனைவி கன்னியம்மா விடவில்லை.

“நோவு தீரணும்னு ஊரே கோயில் கொளத்துல வெல்லம் கரைக்குது. நீ குந்திகினு கீறியே மாமா!”

போனேன். வெல்லத்தைக் கரைத்தேன். பழக்கத்தில் தலையோடு முங்கியும் விட்டேன். துவட்டிய துண்டு ஊதாவாக இருந்தது.

“ஐயோ, கோடு!” என்றாள்.

“கத்தாதே. எத்தினி ஆயிரம் கோடு போட்ட கை இது!”

கண்ணாடி பார்த்து மைப்பேனாவால் நானே வரைந்தேன். நூலளவும் பிசகாது என்று சொல்லிக்கொண்டாலும் அன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மறுநாள் மேஜையில் படுக்கவைத்து, என் கோட்டுக்கு நேராகக் கரண்ட் மெஷினின் விளக்கை வைத்தார்கள். “அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் வாசலுக்கு நடந்தார். அவர் வெளியே போய்க் கதவை மூடினால் கரண்ட் விழும்; மறுபடி திறக்கும் வரை அசையக் கூடாது. ஊகத்தில் மார்க்கிங் போட்டுக் கடைந்த ஷாஃப்ட்டெல்லாம் பழைய இரும்புக்குத்தான் போகும். இது என் கழுத்து. “நிறுத்துங்க” என்று கத்தினேன்; காற்றுதான் வந்தது. கதவு மூடுமுன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா அளந்தார். “முக்கால் அங்குலம் தள்ளியிருக்கு. கட்டி தப்பிச்சிருக்கும், நல்ல சதை வெந்திருக்கும். யார் போட்டது?”

“நான்தாம்மா. கொளத்துல முங்கிட்டேன்.”

“வெல்லத்தைத்தானே கரைக்கணும்? கோட்டை ஏன்யா கரைச்சீங்க?”

கரண்ட் வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோடு அழிந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள்.

டாக்டரம்மா புதுக் கோடு போட்டுக் கரண்ட் வைத்து முடித்தும் குரல் பாதிதான் திரும்பியது. அதற்கே பட்டறை நடுங்கியது. கோட்டுக்குள் இருந்த இடத்தில் மட்டும் இன்றுவரை தாடி முளைக்கவில்லை. சிரைக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் பிளேடு அங்கு வந்ததும் என் கை அசையாமல் நின்றுவிடுகிறது, கதவு திறக்கும் வரை.