குடியிருப்பு: இல்லை

எனக்கு நன்றாக எழுத வரும். அதுதான் எங்களைக் கெடுத்தது. அந்தப் பதினோரு குடிசைகளிலும் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதற்கே என்னைத்தான் கூப்பிடுவார். இங்கே வந்த பிறகும் முகாமில் ஃபாரம் நிரப்புவது முதல் ரேஷன் கடைக்கு மனு எழுதுவது வரை எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். நானும் பெரிய ஆபீஸர் மாதிரி பாயை உதறிப் போட்டு, வந்தவர்களைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். இருபத்திரண்டு வயதுத் திமிர், வேறென்ன.

ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் குப்பையெல்லாம் லாரியில் ஒரு மலைச்சரிவுக்கு வரும். குழி வெட்டிக் கொட்டி, மண் மூடி, மாதக்கணக்கில் மக்க விடுவார்கள். அந்த இடத்துக்கு உரக்கிடங்கு என்று பெயர். மக்கிய உரத்தை இத்தலார்ப் பக்கத்து விவசாயிகள் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோஸுக்கும் லாரி வைத்து ஏற்றிப் போவார்கள். மக்காத பாட்டில், தகரம், எலும்பு, கந்தல் எல்லாம் எங்களுக்கு. பொறுக்கிப் பிரித்துக் காயலான் கடையில் போட்டால் அன்றைக்கு அடுப்பு எரியும். நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று சொன்னார்கள். பொய். நாங்கள் இருந்த இரண்டு வருடமும் அது பழகவில்லை.

உரக்கிடங்குக்குக் கீழே ஓடைக்கு மேலே எங்கள் குடிசைகள். எல்லாருமே சிலோனிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள். எங்கள் குடும்பத்துக்கு அது நாலாவது இடம். முதலில் மண்டபம் முகாம். பிறகு சமவெளியில் ஒரு மில் ஊர். அங்கே வெயிலும் பஞ்சுத்தூசும் சேர்ந்து அம்மாவுக்கு மூச்சிரைப்பைக் கொடுத்தன. பிறகு தெரிந்தவர் பேச்சைக் கேட்டுத் தேவாலாவுக்குப் போனோம். தேயிலை இருந்தது, வேலை இல்லை. மூன்று மாத மழையில் நனைந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தோம். இங்கே வந்த பிறகுதான் அம்மா ராத்திரியில் படுத்துத் தூங்கினாள். அதற்கு முன் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். தகரமும் சாக்கும் வைத்துக் கட்டிய வீடு. ஆனால் அவள் சுவரில் சாணம் பூசி, அடுப்புக்கு மேடை கட்டி, வாசலுக்கு இரண்டு கல் போட்டாள். "இனிமே இன்னொரு எடம்னா என்னைய இங்கனயே பொதச்சிட்டுப் போங்க" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று யாரும் நினைக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ரோட்டோரக் கற்பூர மரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நான்தான் சத்தம் போட்டுப் படித்தேன். உரக்கிடங்கை விரிவாக்கப் போகிறார்கள், கீழ்ச்சரிவில் ஓடை வரைக்கும். வரைபடம் மேலிடத்து அனுமதிக்குப் போகிறது. அதற்கு முன் ஸ்தல விசாரணை நடக்கும். ஓடை வரைக்கும் என்றால் எங்கள் வீடுகள் அத்தனையும். படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன்.

பத்து நாளில் ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மூக்குக் கண்ணாடி, கையில் குடை. குப்பை நாற்றத்துக்குக் கைக்குட்டையை எடுக்காத ஒரே ஆபீஸ்காரர் அவர்தான். எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டார், எல்லாரும் என்னைக் காட்டினார்கள். ஒரு தாளை நீட்டி, குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, நல்லாக் கேட்டுக்குங்க. இதுல குடியிருக்கறவங்கன்னு ஒரு பக்கம், வேலை செய்யறவங்கன்னு ஒரு பக்கம். ஊடு இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, உங்களுக்கு வேற எடம் காட்டாம அவங்க இங்க கை வெக்க முடியாதுங்க. அனுமதி நின்னு போகும். நாளைக்கு வந்து வாங்கிக்கறேன், யோசிச்சு எழுதுங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கள் காதில் விழுந்தது 'வேற எடம்' மட்டும். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து எங்களுக்கு எல்லாரும் காட்டியது வேறு இடம்தானே. மில் ஊரும் வேறு இடம்தான், தேவாலாவும் வேறு இடம்தான். அம்மா அந்த வார்த்தையைக் கேட்டவுடனே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாதான் வழி சொன்னார். சிலோன் தோட்டத்தில் முப்பது வருடம் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். அங்கே தோட்டத்து வீடு என்பது வேலையோடு வருவது. செக்ரோல் என்ற ஆள் கணக்குப் புத்தகத்தில் பேர் இருந்தால் லயத்து வரிசை வீட்டில் ஓர் அறை உண்டு. பேரை வெட்டினால் மறுநாளே பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். வீடு யாருடையது என்று அங்கே யாரும் கேட்டதில்லை, பேர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அப்பாவுக்கு உலகத்தில் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

"வூடுன்னு எழுதினா வேற எடத்துக்குத் தொரத்துவான். வேலைன்னு எழுது. பேரு விழுந்துட்டா எந்தத் தொரையும் காம்பராவுல கை வைக்க மாட்டான்" என்றார்.

அறை என்பதற்கு அவர் கடைசி வரை காம்பரா என்றுதான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. சரியென்று என்ன, பிரமாதமான யோசனை என்று பட்டது. கிடங்கு பெரிதானால் ஆள் வேண்டும், ஆள் நாங்கள்தான், ஆள் இருக்கும் இடத்தில் வீடு இருக்கத்தானே செய்யும் என்று அப்பா சொன்னதை இன்னும் நீட்டி விளக்கினேன்.

எதிர்த்துப் பேசியது ஒருத்திதான். கடைசிக் குடிசையில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாக இருந்த அக்கா. புருஷன் இன்னும் அக்கரையில், பாஸ்போர்ட்டுக்குக் காத்துக்கொண்டு இருந்தான். அந்தக் கிளார்க் பிள்ளை குட்டி பெற்ற மனுசன் மாதிரி தெரிகிறார், அவர் சொன்னபடியே எழுதலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாளா என்ற கோபம்.

"தங்கச்சி, என் வூட்ட மட்டுமாச்சும் வூடுன்னு எழுதிப்புடு" என்று கேட்டாள்.

ஒருத்தி மாற்றி எழுதினால் எல்லாருக்கும் கெடும் என்று அவள் வாயை அடைத்தேன். கடைசியில் அவள் பெருவிரலை நீட்டினாள், நான்தான் மையில் பிடித்து அழுத்தினேன். அந்த விரல் என் கைக்குள் இருந்தது இன்னும் தெரிகிறது.

எழுத உட்கார்ந்தவள் சும்மா எழுதினேனா? வேலை செய்பவர்கள் பக்கத்தில் இருபத்தாறு பேர். முதலில் அப்பா, இரண்டாவது அம்மா, மூன்றாவது நான். வேலைக்கு ஆகாதவர்களுக்குத் தோட்டத்தில் பேர் விழாது என்பதால் அம்மாவின் வயதில் பத்தைக் குறைத்து, நல்ல தேக சுகம் என்றும் சேர்த்தேன். குடியிருப்பு என்று கேட்டிருந்த கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். காலியாக விட்டால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்து, 'இல்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். வாத்தியார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

மறுநாள் கிளார்க் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். இப்படியே கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அப்பா கும்பிட்டு, அப்படியே கொடுங்கள் என்றார். அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குடையை ஊன்றி ஏறிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அனுமதி வந்துவிட்டதாகச் சொல்லி, சர்வேயர் சங்கிலியோடு வந்து எங்கள் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டார். வீட்டுக்குள் எதற்குக் கல் என்று அம்மா கேட்டாள். வரைபடத்தில் இங்கே வீடே இல்லையே அம்மா, வெறும் சரிவுதான் இருக்கிறது என்று அவர் தன்மையாகவே சொன்னார்.

அன்றைக்கே ஊட்டிக்குப் பஸ் பிடித்தேன். பெரிய ஆபீஸில் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து, நாலாவது நாள்தான் அதிகாரியைப் பார்க்க முடிந்தது. பதினோரு வீடு இருக்கிறது, அம்மாவுக்கு மூச்சிரைப்பு, இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனால் செத்துவிடுவாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கோப்பை வரவழைத்து, பக்கங்களைப் புரட்டி, என் தாளை எடுத்து மேஜை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது யார் எழுத்தும்மா?"

என் எழுத்து என்றேன்.

"குடியிருப்பு இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்கம்மா தேக சுகத்தோட வேலை செய்யறதாவும் எழுதியிருக்கீங்க. இல்லாத வீட்டுக்கு நான் எப்படிம்மா மாற்று இடம் குடுக்கறது?"

அந்தத் தாளைக் கொடுங்கள், திருத்தித் தருகிறேன் என்றேன். கையை நீட்டிவிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். பியூன் வந்து நடுவில் நின்றான். நான் அந்த ஆபீஸ் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் மானம் எதுவும் பார்க்கவில்லை. புதிதாக மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதினேன். அதற்குப் பதில் வரவே இல்லை. திரும்பி வந்து கிளார்க்கைத் தேடிப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அன்னைக்கே சொன்னனுங்களே அம்மிணி" என்றார்.  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

கடைசிக் குடிசை அக்கா ஒரு நாள் விடியற்காலை மூட்டையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறிவிட்டாள். கூடலூர்ப் பக்கம் என்றார்கள். என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். திட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கிடங்கு மேஸ்திரி வந்தார். எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். அவர் கையில் இருந்தது என் பட்டியலின் நகல். அப்பா நினைத்தது நடந்துவிட்டது: எங்கள் பேர் கிடங்கு வேலைக்கு விழுந்துவிட்டது. நான் எழுதிய வரிசையிலேயே கூப்பிட்டார். அப்பா பேருக்கு அப்பா சத்தமாகப் பதில் சொன்னார், பழைய தோட்டத்துக் குரலில். அம்மா பேர் வந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பிறகு கையை எடுத்துவிட்டுத் தனியாக நின்று "இருக்கேங்க" என்றாள். மூன்றாவதாக நான்.

முதல் நாள் வேலை என்னவென்று மேஸ்திரி சொன்னார். ஓடை வரைக்கும் சரிவைச் சுத்தம் பண்ண வேண்டும். தகரம், சாக்கு, கட்டை எதுவும் நிற்கக் கூடாது. வேலைக்கு வராதவர் பேரை வெட்டிவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

யாரும் அசையவில்லை. அப்பா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் நடந்தது அம்மாதான். மூச்சு இழுக்க இழுக்கப் போய், எங்கள் வீட்டுச் சாக்கை அவிழ்த்தாள். மடித்து வைத்தாள். மண்வெட்டியை எடுத்து அடுப்பு மேடையைக் கொத்த ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, நீ உட்காரு, நான் செய்கிறேன் என்றேன். அவள் உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"விடு புள்ள. தேக சுகமுன்னு எழுதியிருக்கியே, மேஸ்திரி பாக்குறாரு" என்றாள்.

என் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் கொத்தினாள்.