சபாரத்தினத்தின் பேசாத காதலர்கள்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. "அக்கா, சபா போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றார் கோபால்.

யாழ்ப்பாணத்தவரான சபாரத்தினம், நாங்கள் குடியேறிய இந்த நகரத்தின் மையத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். நான் அதே துறையில் தட்டச்சு செய்பவள், மதுரைக்காரி. அங்கே தமிழ் பேச எங்களுக்கு வேறு ஆளில்லை.

எண்பத்திரண்டில் அவருடைய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதைகளில் காதலர்கள் பேசாமல் அருகருகே இருக்கும் இடங்களைப் பற்றியது அது.

"சண்டையில்ல, முத்தமில்ல, சும்மா உக்காந்திருக்காங்க. இதுல எழுத என்ன சார் இருக்கு?"

"அதைத்தான் எழுதுறது கஷ்டம், மீனாட்சி. கனகாலம் சேர்ந்து இருந்தவைக்குத்தான் அப்பிடி இருக்க வரும்."

சில கவிதைகளில் காதலர் ஆணா பெண்ணா என்பதே தெரியவில்லை. ஏன் என்றேன். "சொல்ல ஏலாத காலம்" என்றார். நான் அடுத்த தாளைச் செருகினேன்.

மறு வருடம் என் உறவுப்பெண் ஒருத்தியின் படத்தை அவர் மேசையில் வைத்தேன். "நல்ல பிள்ளை போல இருக்கு. ஆனா எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று திருப்பித் தந்தார். ஏவன்டேல் புறநகரில் அவரோடு ஒரே வீட்டில் இருந்த ஃபிஜித் தமிழரான தச்சர் கோபாலை, வாடகையைப் பகிர்ந்துகொள்பவர் என்றே நினைத்திருந்தேன். இந்த ஊர்த் தமிழர்களான உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

எண்பத்தாறில், இந்த நாட்டில் ஆணும் ஆணும் காதலிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் மாறியது. அந்த வாரமே சபா என்னைச் சாப்பிட அழைத்தார். வாசலில் கோபாலின் தோளில் கைவைத்து, "இவர் என்ர துணை. பதினொரு வருஷம்" என்றார்.

"படத்தக் கொண்டாந்து சங்கடப்படுத்திட்டேனே சார்" என்றேன்.

கோபால் சிரித்துவிட்டார். "ஒரு வாரம் கேலி பண்ணேன் அக்கா."

மீன்குழம்பு பரிமாறினார்கள். சபா என்னிடம் கவிதையைப் பற்றிப் பேசியபடியே, முள் நீக்கிய மீனைக் கோபாலின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபாலும் பேசாமல் சாப்பிட்டார். நான் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தது அன்றுதான் புரிந்தது.

இறுதிச் சடங்கில் கோபால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தேன். கொழும்பிலிருந்து வந்திருந்த சபாவின் தம்பி எங்களைப் பார்த்தார். பிறகு எழுந்து, "இதில இருங்கோ" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார்.

கோபாலின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் அமைதி வந்தால் எதையாவது கேட்டு அதை நிரப்புவது என் வழக்கம். இப்போது மாலையில் என் கணவருக்குப் பக்கத்தில், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். சபா எனக்கு விட்டுப்போனது அது.