மௌலவி சொன்னார்

பிள்ளைகளே, 2009இல் உங்கள் மூத்த அக்கா மதரஸா விட்டு வந்தால், எதையும் “மௌலவி சொன்னார்” என்றுதான் தொடங்குவாள். எனக்கு அந்த மௌலவி மேல் பொறாமையாக இருக்கும்.

ஒரு ஞாயிறு நான் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டும்போது, “நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்” என்று நிறைய ஹதீஸ் அறிவித்த ஒரு நபித்தோழரைப் பற்றிச் சொன்னாள். மற்றவர்கள் சந்தைக்கும் தோட்டத்துக்கும் போக, அவர் பசியோடு நபி (ஸல்) அவர்களின் பக்கத்திலேயே இருந்தாராம்.

“வாப்பா சொன்னார் எண்டு எதையாவது சொல்லுவீங்களா மகள்?”

“நீங்க எப்ப வாப்பா வீட்ட இருந்தீங்க? எந்த நேரமும் ஷிப்ட்தானே!”

அன்றே மனேஜரிடம் ஞாயிறு இனி ஏலாது என்றேன். அடுத்த ஞாயிறு அவள் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

“மௌலவி சொன்னார்…” என்று அவளே தொடங்கினாள். பொறாமையோடுதான் கேட்டேன், ஆனாலும் எழும்பவில்லை.