பதினோரு ஓட்டைகளும் ஒரு பெயிண்டரும்

விபத்தில் நசுங்கிய காரைப் புத்தம் புதிதாக்கித் தருவதில் பெயிண்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊரில் யாரும் இப்படிச் சொன்னதில்லை, அவரேதான் சொல்லிக்கொள்வார். அவரைப் போய்ப் போர் அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டதுதான் அதன் காப்பாட்சியர் அம்மாள் செய்த ஒரே தவறு. மிச்சத் தவறெல்லாம் இவருடையது.

கொட்டகையில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வேன் நின்றது. சண்டை நடந்த நாட்களில் காயம்பட்டவர்களை ஏற்றி ஓடிய வண்டி. ஓட்டுநர் கதவிலும் அதை ஒட்டிய தகட்டிலுமாகப் பதினோரு குண்டு ஓட்டைகள்.

"அடியில துரு பரவாம நிறுத்தணும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்," என்றார் காப்பாட்சியர்.

"நீங்க கவலையே படாதீங்க மேடம்."

இந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்ட யாரும் கவலைப்படாமல் இருந்ததில்லை.

காப்பாட்சியர் நான்கு நாள் கூட்டத்துக்கு வெளியூர் போனார். இரண்டு நாள் பெயிண்டர் வண்டிக்கு அடியில் சமர்த்தாகப் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து தூசியைத் தட்டியபோது ஓர் ஓட்டை அவரையே பார்த்தது. ஒன்றுதானே என்று விளிம்பைச் சுத்தியால் தட்டிச் சமன்செய்து, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்தார். அது மூடியதும் பக்கத்து ஓட்டை அசிங்கமாகத் தெரிந்தது. அதை அடைத்தால் அதற்கடுத்தது. நான்காம் நாள் மாலை, மேலே பெயிண்டும் அடித்து முடித்தபோது வண்டி ஷோரூமிலிருந்து இறங்கியதுபோல் மின்னியது. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

'உங்கள இதைச் செய்யச் சொன்னாங்களா?' என்று பதில் வந்தது. எங்கிருந்துதான் இவளுக்கு இந்தக் கேள்விகள் கிடைக்கின்றனவோ!

காப்பாட்சியர் திரும்பி வந்தார். திட்டவில்லை. வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை ஓட்டினவரோட மனைவி வியாழக்கிழமை வர்றாங்க. அவர் உயிர் போனது இந்த சீட்லதான். அவரைத் துளைச்ச குண்டோட ஓட்டைய ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்னு கேட்டாங்க."

பெயிண்டர் கருவிப்பெட்டியைத் திறந்தார். "டிரில் போட்டு மறுபடி திறந்துடறேன் மேடம். ஈ காக்காய்க்குத் தெரியாது."

"அது நீங்க போட்ட ஓட்டை. அதைத் தொடவா அவங்க வர்றாங்க?" பெருமூச்சு விட்டார். "சரி, நானே சொல்லிக்கிறேன்."

"வேணாம் மேடம். அடைச்சது நான். நானே சொல்றேன்."

சொன்ன வாயை அன்றிரவு முழுக்கத் திட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். கண்ணாடி முன் பழகிவைத்திருந்த நான்கு வாக்கியங்களும் அந்த அம்மாளின் குடையைக் கண்டதுமே ஓடிவிட்டன.

"அம்மா... ஓட்டையெல்லாம் நான்தான் அடைச்சேன். தொடாதேன்னாங்க. கேக்கல. புத்தி கெட்ட கை."

அந்த அம்மாள் கதவின்மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டினார். எங்கும் இடறவில்லை.

"நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க," என்றார். "அவருக்கு அடிபட்ட அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா?"

இதற்குச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

"எங்கெங்க இருந்துச்சுன்னாவது காட்டுங்க."

பெயிண்டர் விரல் முட்டியால் தகட்டைத் தட்டினார். தகடு 'டங்' என்றது. பட்டி 'டொக்' என்றது. டொக் என்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பத்து வட்டம் வந்தது. பதினொன்றாவது அகப்படவில்லை. கதவில் காதை வைத்து மூன்று சுற்றுத் தட்டினார். தன் கைச்சுத்தத்தை வாழ்க்கையில் முதல் முறையாகச் சபித்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க."

அந்த அம்மாள் குடையை அவரிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். தன் விலாவைத் தொட்டுப் பார்த்தார்.

"அவருக்கு இங்கதான் பட்டுச்சு."

ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, விலாவுக்கு நேரே தட்டினார்.

டொக்.

பெயிண்டர் குனிந்து அந்த விரலைச் சுற்றி வட்டம் போட்டார். கோணலாக வந்தது. அழித்துச் சரியாகப் போடக் கை துடித்தது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.