நீர்நாய்தான் என்று சொன்னேன்

சேற்றில் பதிந்த அடியைப் பார்த்து இன்ன விலங்கு என்று சொல்லும் திறமை ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறேன். மழை விட்ட மறுநாள் வாசலில் நாய் நடந்த தடம் கிடந்தால்கூட, துடைப்பத்தை எடுத்துக் கலைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். கிழத்துக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவன் நான். எனக்கு ஒரே அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் சோறு போட்டவளும் அவள்தான், முதுகில் இரண்டு போட்டவளும் அவள்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் இரண்டு பேரும் சேற்றில் இறங்கி நண்டு பிடிப்போம். இரவில் வந்து போனவற்றின் தடமெல்லாம் அங்கே கிடக்கும். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து, சண்டை போட்டுத் தெரிந்துகொண்டோம். நரியின் அடி ஒடுக்கமாக, நகம் முன்னால் குத்தி, ஒரே வரிசையில் நேராகப் போகும். நாய் அப்படிப் போகாது; இங்கே மோந்து அங்கே திரும்பி, வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி அலையும். காட்டுப்பூனைக்கு நகம் பதியாது. உடும்பு வாலை இழுத்துக்கொண்டு போவதால் நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். நீர்நாய்க்கு ஐந்து விரல். விரல்களுக்கு நடுவில் சவ்வு இருப்பதால் அடி அகலமாக விரிந்திருக்கும். அது கரையேறும் இடத்தில் வயிறும் வாலும் சறுக்கிய தடம் இருக்கும். பக்கத்திலேயே செதிலும் நண்டு ஓடும் கலந்த பீ கிடக்கும். அந்த நாற்றத்தை ஒரு தடவை மோந்தவன் மறக்க மாட்டான்.

எங்களில் கெட்டிக்காரி அக்காதான். ஆனால் பெண்பிள்ளை சொன்னால் யார் கேட்பார்கள்? குப்பத்தில் கோழி காணாமல் போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கழியில் வலை கட்ட எங்களுக்குள் ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கம்பு நட்டு வலை கட்டும் இடம் குப்பத்துக்குப் பொது. இன்ன நாள் இன்னார் பாடு என்று சுற்றி வரும். கல்யாணமான ஆணுக்கு மட்டும்தான் பாடு. அக்காவின் புருஷன் காலராவில் போனபோது அவருடைய பாடும் அவரோடு போயிற்று. பிள்ளைகள் இரண்டும் சிறுசு. விதவைக்குப் பாடு கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் கிடையாது. அவள் பழையபடி சேற்றில் கை விட்டுத் தடவி, அகப்பட்ட இறாலையும் நண்டையும் கொண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் காப்பாற்றினாள்.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். என் பங்கு அரிசியைச் சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ரயிலேறி அக்காவிடம் கொடுத்துவிட்டு வருவேன். எல்லா ஞாயிறும் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. அந்த வருஷம் எனக்கு வியாசர்பாடிப் பந்தாட்டத்தில் பைத்தியம். தொடர்ந்து மூன்று ஞாயிறு மைதானத்து ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சமாளிக்கத்தான் செய்தாள்.

நாலாவது ஞாயிறு காலையில் நான் ரயிலை விட்டு இறங்கிக் குப்பத்துக்குள் நுழைந்ததுமே, தூரத்து உறவில் எனக்கு மாமா முறையான ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் புலம்பல்.

"மூணு வாரமா பேஜாரா பூட்ச்சு நைனா. யாரு வலை கட்னாலும் விடியறதுக்குள்ள வலையோட வால் முடிச்ச அவுத்துட்டு எறாவ வாரிக்கினு பூடுது. நீர்நாயின்றானுங்க. மனுசன்றானுங்க. பஞ்சாயத்து கூட்டணும்ன்றானுங்க. நீயே வந்து பாத்து சொல்லு."

வலை கட்டியிருந்த கம்புக்குப் பக்கத்தில், தண்ணீர் விலகின சேற்றில், அடிகள் இருந்தன. அகலமான, ஐந்து விரல் விரிந்த அடிகள். இரண்டு இறால் தலைகளும் கிடந்தன. பத்துப் பதினைந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி குந்தி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். வால் சறுக்கின தடம் இல்லை. பீ இல்லை, நாற்றம் இல்லை. எல்லா அடியும் ஒரே பக்கத்து அடி. கட்டைவிரல் எல்லாவற்றிலும் இடப்புறமே இருந்தது. எந்த விலங்கும் ஒரே காலால் நடக்காது. அது கால் இல்லை, கை. வலது கையைக் குவித்து, விரல்களை விரித்துச் சேற்றில் அழுத்தி, விரல் முட்டியால் நடுவில் ஒரு குழி செய்தால் நீர்நாய் அடி வரும். கருவாடு காயவைக்கும் கிழவிகளைப் பயமுறுத்த சின்ன வயசில் நானும் அக்காவும் செய்த வேலை அது. அந்தக் குப்பத்தில் அது இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் மூன்று வாரமாகப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா?" என்றார் மாமா.

"நீர்நாய்தான்," என்றேன்.

கூட்டத்தில் சிலர் மூச்சு விட்டார்கள். மனிதன் என்று சொல்லியிருந்தால் வீடு வீடாகக் கேள்வி போகும். அகப்பட்டவளைக் குப்பத்தைவிட்டுத் தள்ளி வைப்பார்கள். அவளைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. மாமா அதோடு விடவில்லை.

"என்னாண்ட இரும்புப் பொறி ஒண்ணு கீது. பல்லு வெச்சது. வந்தா எங்க ஏறும், அத்த மட்டும் காட்டு."

நீர்நாய் ஏறின இடத்திலேயே திரும்பத் திரும்ப ஏறும். அது அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் மூன்று வாரமும் ஒரே இடத்தில் பதித்திருந்தாள். நான் அந்த இடத்தையே காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாலு முழம் தள்ளிக் கையை நீட்டியிருக்கலாம். இனி வராது மாமா என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்கும்போது எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு பெரிய நிபுணன் நான்.

அக்கா வீட்டுக்குப் போனேன். இறால் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்தது. பொறி வைக்கப் போகிறார்கள் என்ற ஒரு வார்த்தை போதும்; ஆம்பளைகள் சேற்றில் நின்று பேசினது விதவை வீடு வரை எட்டியிருக்காது. ஆனால் அதைச் சொன்னால், நீ திருடுவது எனக்குத் தெரியும் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். எனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் முகம் அது. மூன்று வாரத்து அரிசியையும் வைத்துவிட்டு, "இனிமே எல்லா ஞாயித்துக்கெழமையும் வரேங்கா," என்றேன். அரிசி இருந்தால் போக மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்தேன். என் பங்கில் நான் தின்றது போக மிஞ்சிய அரிசி நாலு வயிற்றுக்கு எத்தனை நாள் வரும்? அந்தக் கணக்குக்கூடத் தெரியாதவனா நான்?

வியாழக்கிழமை வரை வந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவள் இறங்கியிருக்கிறாள். இறாலை எடுத்து முடித்து, வழக்கம்போல் அடி பதிக்கக் குனிந்து வலது கையை அழுத்தியிருக்கிறாள்.

பொறி, சேற்றுக்குள் புதைத்து, வலைக் கம்போடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. ஒற்றைக் கையால் திறக்க முடியாத பொறி. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மாமா என்னிடம் பின்னால் சொன்னதை இன்னும் தாங்க முடியவில்லை. ரொம்ப நேரம் அவள் கூப்பிடவே இல்லை. வீடுகள் கூப்பிடு தூரம்தான். கை சேற்றில் மாட்டி, மண்டியிட்டபடி, தண்ணீர் இடுப்புக்கும் மார்புக்கும் கழுத்துக்கும் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். கத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தண்ணீர் வாயைத் தொட்ட பிறகுதான் கத்தினாள்.

குப்பம் அவளைத் தள்ளி வைக்கவில்லை. பஞ்சாயத்தும் கூடவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்து பொறியைத் திறந்த மாமாவே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினார். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்ற நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி என்பது இல்லை.

செய்தி வந்து நான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சீழ் பிடித்துவிட்டது என்று மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். வலது கை. சேற்றில் தடவி அவள் பிழைத்த கை. இனி அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என் மூட்டைதான் கதி, என் மூட்டைக்கு நான்தான் கதி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவள் அழவில்லை.

"நீ அன்னிக்கு வந்து அடி பாத்தியாமே?"

"ஆமாங்கா."

"நீர்நாயின்னா சொன்ன?"

"ஆமாங்கா."

"நெஜமாவே ஒனக்கு தெர்லியாடா?"

தெரியும் என்று சொல்ல அது கடைசிச் சந்தர்ப்பம். சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பாள், இடது கையால் அறைந்திருப்பாள், அதோடு ஒருவேளை தீர்ந்தும் போயிருக்கும்.

"தெர்லக்கா," என்றேன்.

வறண்டு கிடந்த அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணின் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, என் தம்பிக்கே தெர்ல," என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.