அத்தை பேரில் ஒரு சிலந்தி

என் அத்தை சிலந்தி வரைந்து சம்பளம் வாங்குகிறவள். முழுச் சிலந்திகூட இல்லை. கடுகளவில் ஒரு வகை உண்டு. புல்லுக்கு நடுவே கைக்குட்டையை விரித்த மாதிரி வலை கட்டி, அதன் அடியில் தலைகீழாகத் தொங்கும். அதில் ஒரு இனத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஆணின் மறைவான உறுப்பில்தான் தெரியும். அது முகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது சிலந்தியின் தலையெழுத்து. அதை நுண்ணோக்கியில் பார்த்துப் புள்ளி புள்ளியாக வரைவது அத்தையின் தலையெழுத்து. "என்ன வரையறே?" என்று உறவுக்காரர்கள் கேட்டால் "கால்" என்பாள்.

பஸ் ஓட்டும் மாமா இதையெல்லாம் கண்டுகொண்டதே இல்லை, அத்தை வேலை பார்க்கும் ஆய்வகத்தின் தலைவி அவளைக் கூப்பிட்டுச் சொல்லும்வரை: "இது புது இனம். அந்த உறுப்போட நுனியில நீங்க வரைஞ்ச பல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். உங்க பேரையே வைக்கப்போறேன்."

அதன்பிறகு மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஏறுகிறவன் இறங்குகிறவனிடமெல்லாம் சொன்னார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார். வீட்டில் ஒட்டடை அடிப்பதை நிறுத்திவிட்டார். "எது உன் பேரு உள்ளதுன்னு எனக்கென்ன தெரியும்? அடிச்சுத் தொலைச்சிட்டா?" பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை என்று மாடியில் குடியிருக்கும் நான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க அந்தப் பேரை எழுதிப் பார்த்திருந்தாள். அவ்வளவு ஆசை. அத்தனை வருஷமாக வரைந்த படங்களில் ஒன்றின் கீழும் அவள் பேர் வந்ததில்லை.

புது இனத்தை அறிவிக்கும் கட்டுரை அச்சுக்குப் போகும் வாரம், படத்தைச் சரிபார்க்க அந்தச் சிலந்தியை மறுபடி எடுத்து ஆல்கஹால் தட்டில் வைத்தாள். தூரிகை நுனியால் லேசாகத் திருப்பினாள். புது இனத்தின் பல் கழன்று, ஆல்கஹாலில் மிதந்து, தட்டின் ஓரத்தில் ஒதுங்கியது. பல் இல்லை, தூசி. அது போனபிறகு பார்த்தால், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற பழைய சிலந்தி.

அறையில் வேறு யாரும் இல்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தத் தூசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சொல்லிவிட்டாள்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"நாளைக்கு எவனாவது எடுத்துப் பார்ப்பான் மேடம். என் பேரைச் சொல்லித்தான் திட்டுவான்."

வீட்டில் மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார். "அப்ப அதுக்கு யாரு பேரு?"

"முதல்ல பிடிச்சவரு பேரு. அவரு செத்து நூறு வருஷம் ஆகுது."

மாமா ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து ஜன்னல் மூலையில் இருந்த வலையை முறைத்தார்.

"அடிங்க, பரவாயில்ல" என்றாள் அத்தை. வலைப் பக்கம் திரும்பவில்லை.

மாமா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் காலை அவர் பஸ்ஸில்தான் நானும் போனேன். முன்சீட்டுக்காரர், "என்னங்க, சிலந்திக்குப் பேரு வெச்சாச்சா?" என்று கேட்டார்.

மாமா கியரை மாற்றினார். "அதெல்லாம் பழைய சேதி. அப்படி ஒரு சிலந்தி உலகத்துலயே இல்லன்னு என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சிட்டா."